மஞ்சப்பையில் இருந்த ஈசிஜி

கோத்தகிரியில் உள்ள எங்கள் வீட்டு மருத்துவக் காகிதங்கள் எல்லாம் அம்மாவின் பீரோவுக்குள், ஒரு மஞ்சப்பையில் இருந்தன. சென்ற மழைக்காலத்தில் அவருக்குப் படபடப்பு அதிகமாகி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்றபோது, இதய மருத்துவர் புதிய ஈசிஜியைப் பார்த்துவிட்டு, "இந்த மாற்றம் முன்பே இருந்ததா, இப்போதுதான் வந்ததா என்று தெரிய வேண்டும், பழையது இருக்கிறதா?" என்று கேட்டார். அம்மா சற்றுப் பெருமையோடு பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். தாளில் கட்டங்கள் இருந்தன, கோடு இல்லை.

ஈசிஜி பெரும்பாலும் சூடு பட்டால் கறுக்கும் ரசாயனப் பூச்சுள்ள தாளில்தான் எடுக்கப்படுகிறது. வெயிலில் அது மங்கும் என்பது எனக்குத் தெரியும். சிலவகை பிளாஸ்டிக் உறைகளே அதை அழித்துவிடும் என்பது அன்றுதான் தெரிந்தது. அம்மா பத்திரப்படுத்தியதே வினையாயிற்று. போதாக்குறைக்கு, எங்கள் மலை ஈரத்தில் எக்ஸ்ரே படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

ஊர் திரும்பியதும் மிச்சமிருந்த தாள்கள் அனைத்தையும் கைபேசியில் ஸ்கேன் செய்து, தேதிவாரியாகப் பெயரிட்டு வைத்தேன். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து, எக்கோ என்னும் இதய ஸ்கேனின் அறிக்கையைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குச் சென்றபோது, கடைக்காரர் வழக்கம்போல் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அவர் திறந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் யாருடையதோ சர்க்கரைப் பரிசோதனை, இன்னொருவரின் கர்ப்பகால ஸ்கேன், அவற்றுக்கு நடுவே ஆதார் நகல்கள் என்று, பெயரும் வயதும் கைபேசி எண்ணும் தெரிய வரிசையாகக் கிடந்தன. எங்களுடையதை அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்கச் சொன்னேன். "அண்ணா, இதையெல்லாம் யார் பார்க்கப் போறா?" என்று சிரித்துக்கொண்டே நீக்கினார். அவர்மேல் குறையில்லை, அதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. அந்த மாதமே சிறிய பிரிண்டர் ஒன்று வாங்கினேன். அது வீண் செலவு என்று அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

2022 நவம்பரில் இணையத் தாக்குதலால் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கி, பல நாட்கள் அங்கே எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டியிருந்தது. அதைத் தடுப்பது நம் கையில் இல்லை. ஆனால் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிக்கையைப் போடாமலிருப்பது நம் கையில்தான் இருக்கிறது; எங்களுடையது போன்ற சிறிய ஊரில், காலையில் குழுவில் விழுந்த செய்தி மாலைக்குள் மார்க்கெட்டுக்கு வந்துவிடும்.

அம்மாவுக்கு ஆபா (ABHA) என்னும் மருத்துவக் கணக்கு எண்ணும் எடுத்தோம். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் வழங்கப்படும் 14 இலக்க எண் அது. எல்லோருடைய அறிக்கைகளும் ஒரே அரசுக் கணினியில் குவிகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அறிக்கை அதை உருவாக்கிய மருத்துவமனையிடமே இருக்கிறது. வேறொரு மருத்துவர் அதைப் பார்க்க வேண்டுமானால், எந்த அறிக்கைகளை, எந்தத் தேதி வரை என்று நாம் அனுமதி தர வேண்டும். தந்த அனுமதியைத் திரும்பப் பெறவும் முடியும். திட்டத்தில் இணையாத ஆய்வகத்தின் அறிக்கை தானாக வந்து சேராது, நாமேதான் பதிவேற்ற வேண்டும் என்பது இதில் பெரிய குறை. பதிவுக்கு என் கைபேசி எண்ணைக் கொடுத்தால் எளிதாக இருந்திருக்கும். ஆனால் உடம்பு அவருடையது, அனுமதியும் அவருடையதாக இருக்கட்டும் என்று அம்மாவின் எண்ணையே கொடுத்தேன். ஓடிபி கேட்டு யார் அழைத்தாலும் பேச்சை வளர்க்காமல் வைத்துவிட வேண்டும் என்றும், பணம் ஏதேனும் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும் என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மலைப்பாதையில் சில வளைவுகளில் சிக்னல் கிடைக்காது என்பதால், முக்கியமான அறிக்கைகளைக் கடவுச்சொல் இட்ட பிடிஎஃப் கோப்பாக என் கைபேசியிலும் வைத்திருக்கிறேன். அம்மாவின் கைபேசியில், பூட்டைத் திறக்காமலே தெரியும் அவசரத் தகவல் பகுதியில், இரத்த வகை, ஒவ்வாத மருந்து, என் எண் ஆகிய மூன்றை மட்டும் எழுதினேன். வழியில் போகிறவரும் படிக்கக்கூடிய இடம் அது.

புதிய ஈசிஜியை அன்றே சாதாரணத் தாளில் நகலெடுத்து, காகித உறையில் போட்டு மஞ்சப்பைக்குள் வைத்தோம். பழைய பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனம் வரவில்லை. துடைத்துக் காயவைத்து, ரேஷன் கார்டுக்கு வைத்துக்கொண்டார்.