பீடம் இறங்கிய தலைவர்

கானாவின் அஷாந்தி பகுதியில் ஒரு மர நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்தபோது எனக்கு அதிகம் தலைவலி தந்தவை குத்தகைப் பத்திரங்கள்தான். அங்கே நிலம் பெரும்பாலும் ஊர்ப் பீடத்துக்கு, அதாவது தலைமைப் பதவியின் அடையாளமான இருக்கைக்கு, சொந்தம். பீடத்தில் அமரும் தலைவர் அதன் காவலர். எங்களைப் போன்ற வெளிநாட்டார் 50 ஆண்டுக் குத்தகைக்குமேல் கேட்க முடியாது.

எங்களுக்குக் கையெழுத்திட்ட ஊர்த் தலைவரை மூப்பர்கள் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். நிலம் கொடுக்கும்போது சாராயத்துக்கென்ற பெயரில் வாங்கும் ரொக்கத்துக்கு அவர் கணக்குக் காட்டவில்லையாம். காலணியைக் கழற்றி, பின்புறம் தரையில் படும்படி உட்காரவைத்து, பதவி இறக்கும் சடங்கையும் முடித்துவிட்டார்கள். ராஜமாதாவின் (தலைவரைத் தேர்வதில் பங்குள்ள அரச குடும்பத்துப் பெண்) சம்மதமில்லை, விசாரணையும் நடக்கவில்லை, ஆகவே செல்லாது என்றது இறக்கப்பட்டவரின் தரப்பு. வாடகை கேட்டு இரு தரப்பும் எங்கள் வாசலுக்கு வந்தன.

உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கலாமே என்றார் எங்கள் மேலாளர். வழக்கறிஞர் சிரித்துவிட்டார். தலைமைப் பதவி சார்ந்த வழக்கை உயர் நீதிமன்றமோ மேல்முறையீட்டு நீதிமன்றமோ தொடக்கூடாது என்கிறது 1993ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. ஊர்த் தலைவர் பற்றிய வழக்கு என்றால் முதலில் அந்தப் பகுதித் தலைவர்கள் கூடும் மரபு மன்றத்தின் நீதிக்குழு, அதற்குமேல் வட்டாரத் தலைவர்கள் அவை, பிறகு தேசிய அவை, கடைசியில் அனுமதி பெற்று உச்ச நீதிமன்றம். வட்டார அவையில் மூன்று தலைவர்கள் விசாரிப்பார்கள். குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் உடனிருப்பார்.

சாமர்த்தியமெல்லாம் மனுவை எழுதுவதில்தான். நில உரிமை என்றோ அடிப்படை உரிமை மீறல் என்றோ பெயர் சூட்டி உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். நீதிபதி பெயரைப் பார்க்கமாட்டார். கேட்பது நிலமா, 'யார் தலைவர்' என்ற விடையா என்று பார்ப்பார். இரண்டாவது என்றால் வழக்கு வெளியே. ஆனால் நீதிக்குழு ஒரு தரப்பைக் கேட்காமலே முடிவெடுத்தால் அந்த முடிவை உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம். அப்போதும் யார் தலைவர் என்று சொல்லாது.

எனக்கு இந்த ஏற்பாடு சரியாகவே படுகிறது. அரசு அங்கீகரித்தால்தான் தலைவர் என்றிருந்த காலத்தைக் கண்ட நாடு அது; அதனால்தான் 1992 அரசமைப்பின் 270ஆம் பிரிவு, அப்படி அங்கீகாரம் தரவோ பறிக்கவோ யாருக்கும் அதிகாரம் வழங்கிச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்தால் முடியாது என்கிறது. குறை, தாமதம். விசாரிப்பவர்களும் தலைவர்கள், அவர்களுக்கும் உறவும் பகையும் உண்டு என்ற முணுமுணுப்பும் எப்போதும் இருக்கும்.

எங்கள் பத்திரத்தை வழக்கறிஞர் புரட்டிப் பார்த்தார். தலைவரின் கையெழுத்துக்குக் கீழே மூப்பர்களின் கைநாட்டுகள், ஊதா மையில். "இது போதும். மூப்பர்களின் சம்மதத்தோடு பீடம் கொடுத்த குத்தகை இது. ஆள் மாறினாலும் நிற்கும்" என்றார். வாடகையைப் பீட நில நிர்வாகி அலுவலகம் என்ற அரசு அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கச் சொன்னார். அங்கே 10 விழுக்காடு கழிந்ததும், மிச்சத்தில் 55 மாவட்டப் பேரவைக்கு, 25 பீடத்துக்கு, 20 மரபு அதிகாரத்துக்கு, அதாவது அந்தப் பகுதித் தலைவர்களின் அமைப்புக்கு. அந்த 25 விழுக்காட்டுக்காக இரு தரப்பும் அதன்பிறகு அந்த அலுவலகத்துக்குத்தான் நடந்தன.