பரங்கிமலைக்கு இன்னும் எத்தனை சுற்று

8 ஜூலை 2023, சனி

கல்லூரி மூன்றாம் ஆண்டின் முதல் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பரேடு இன்று. நாலு மணிக்கு நான் எழுந்தபோது அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு இலை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாளுக்கு ஆயிரம் பீடி. கட்டுக்கு 25 என்றால் 40 கட்டு. இந்த வீட்டில் பிறந்தவளுக்கு ராணுவத்தின் அதிகாலை புதிதல்ல.

முக்கூடலிலிருந்து திருநெல்வேலி ஜங்ஷனுக்கு முதல் பஸ், அங்கிருந்து பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ். காக்கி உடையைப் பார்த்துக் கண்டக்டர், "போலீஸ் வேலைக்கா தாயி?" என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு "என்.சி.சி." என்று மட்டும் சொல்லி வந்தேன். இன்று, "ராணுவ அதிகாரி ஆவதற்கு" என்றேன். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. வாய்விட்டுச் சொன்னதை எழுதியும் வைக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் இன்றிலிருந்து இந்த நாட்குறிப்பு, எல்லோரும் படிக்கும்படியாக.

பரேடு முடிந்ததும் முதலாண்டுப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். என்.சி.சி. 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு, பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண், 19 முதல் 25 வயது. இவை இருந்தால் எழுத்துத் தேர்வு இல்லாமலே, ராணுவ அதிகாரிகளை ஐந்து நாள் சோதித்துத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். இல்லையென்றால் யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். என்ற முப்படை அதிகாரிகளுக்கான எழுத்துத் தேர்வை எழுதித்தான் அங்கே போக முடியும். இரண்டு வழியும் சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் வாசலில் கொண்டுபோய் விடும். 1963-இல் தொடங்கிய அந்த அகாடமி 1992-இல் பெண்களுக்குத் திறந்தது. பயிற்சி 49 வாரம். என்.சி.சி. வழியில் பெண்களுக்கான இடங்கள் ஒற்றை இலக்கம்தான். அதைக் கேட்டதும் சில முகங்கள் வாடின. மறைத்து ஆசை காட்ட எனக்கு மனமில்லை.

2 செப்டம்பர் 2023, சனி

அக்கா வந்திருந்தாள். எங்கள் பிரிவின் பழைய கேடட். போன முறை எஸ்.எஸ்.பி.க்காகப் பெங்களூரு தேர்வு மையத்துக்குப் போய், முதல் நாள் வடிகட்டலைத் தாண்டி, ஐந்தாம் நாள் கான்பரன்ஸ் என்ற இறுதிக் கூட்டம் வரை இருந்து, பெயர் வராமல் திரும்பியவள். இப்போது ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டே அடுத்த முறைக்குத் தயாராகிறாள். நாள் முழுக்க வேலை பார்த்தவள், வேப்பமரத்தடியில் எங்களை உட்காரவைத்து, எஸ்.எஸ்.பி.யின் உளவியல் தேர்வில் வரும் சொல்தொடர்புத் தேர்வை நடத்தினாள்.

60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. சொல்லைப் பார்த்ததும் மனதில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். சொற்கள் வருவது ஆங்கிலத்தில். பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த எனக்கு முதல் ஐந்து விநாடி சொல்லைத் தமிழுக்குக் கொண்டுவரவும், கடைசி ஐந்து விநாடி நினைத்ததை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகவும் சரியாகப் போய்விடுகிறது. நினைப்பதற்கு மிஞ்சுவது நடுவிலிருக்கும் ஐந்து விநாடிதான். அதையும் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கையேட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அதில் இருந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்திருந்தேன்.

'தோல்வி' என்ற சொல்லுக்கு 'தோல்வி வெற்றியின் முதல் படி' என்று எழுதினேன். 'ஆறு' என்பதற்கு 'ஆறுகள் நாகரிகத்தின் தொட்டில்'.

அக்கா தாளைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "நீ தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். எட்டு வயதில் நீந்தக் கற்றுக்கொண்டதாக நீதான் சொன்னாய். அந்தப் பிள்ளை இந்தத் தாளில் எங்கே இருக்கிறாள்? இதே வாக்கியத்தை ஊரெல்லாம் எழுதும். அதைத் திருத்துகிற உளவியலாளர் உன்னை எதில் கண்டுபிடிப்பார்?"

பிறகு மெல்ல, "நானும் போன முறை இப்படித்தான் எழுதினேன்" என்றாள். தான் விழுந்த பள்ளத்தை அடுத்தவளுக்குக் காட்டப் பெரிய மனசு வேண்டும்.

14 அக்டோபர் 2023, சனி

பத்து நாள் முகாமின் ஏழாம் நாள். கூடாரத்தில் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

சாவ்தான், விஷ்ராம், தேஜ் சல், தம். இந்திக் கட்டளைகள் இப்போது காதுக்குள் போகாமல் நேரே காலுக்குப் போகின்றன. இன்று பாயிண்ட் 22 ரைபிளில் 25 மீட்டரில் ஐந்து குண்டுகள். குறி தப்புவதைவிடக் குண்டுகள் சிதறுவதுதான் பெரிய குறை என்று சொல்லித்தந்தார்கள். ஐந்தும் ஓரிடத்தில் விழுந்தால் குறியை நகர்த்திக்கொள்ளலாம், சிதறினால் திருத்த வழியில்லை. மூச்சை முழுதும் விடாமல் பாதியில் நிறுத்தி, விசையை மெல்ல அழுத்த வேண்டும். எனக்கு நாலு குண்டு ஒன்றாக விழுந்தன, ஒன்று தனியே போனது.

வரைபட வகுப்பில்தான் எனக்குக் கொண்டாட்டம். கணிதம் படிப்பவளுக்கு வேறென்ன வேண்டும்? வடக்கு ஒன்றல்ல, மூன்று: மெய் வடக்கு, கட்ட வடக்கு, காந்த வடக்கு. மேற்கே தெரியும் மலைத்தொடரில் ஒரு சிகரத்தையும் ஊர்க் கோயில் கோபுரத்தையும் காம்பஸில் பார்த்து, இரண்டு கோணங்களையும் பின்னோக்கி வரைந்தால், கோடுகள் வெட்டும் இடத்தில் நாம் நிற்கிறோம். சின்ன வயதிலிருந்து பார்க்கிற பொதிகைதான். அது நான் நிற்கும் இடத்தைச் சொல்லும் என்று இன்றுவரை தெரியாது.

மாலையில் மெட்ராஸ் ரெஜிமென்டைச் சேர்ந்த ஹவில்தார் ஐயா பேசினார். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் 29 மே 1999 அன்று கார்கில் போரில், படாலிக் பகுதியில், தன் வீரர்களுக்கு முன்னால் ஏறிப்போய் உயிர் கொடுத்ததைச் சொன்னார். அவருக்கு இறப்புக்குப் பின் வீர் சக்ரா வழங்கப்பட்டது. ஐயா அவரைப் பற்றி அதிகம் விவரிக்கவில்லை. "அதிகாரி முன்னால் போவார். பின்னால் வருகிறவன் அவர் முதுகைப் பார்த்துத்தான் வருவான்" என்றார். வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

11 நவம்பர் 2023, சனி

நாளை தீபாவளி. மைதானத்தில் 2.4 கிலோமீட்டர், 14 நிமிடம் 20 விநாடி. பயிற்சிக்குப் போகும் பெண்கள் 13 நிமிடத்தில் ஓட வேண்டும். தண்டால் 15, புல்-அப் 2 எடுக்க வேண்டும். தண்டாலில் குறையில்லை. புல்-அப் ஒன்றில் நிற்கிறது. நீச்சல் பற்றிக் கவலையில்லை.

மூன்றாவது சுற்றில் கணுக்கால் பிசகியது. யாரிடமும் சொல்லவில்லை.

18 டிசம்பர் 2023, திங்கள்

நேற்றிலிருந்து விடாத மழை. மின்சாரம் இல்லை. எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. ஆனால் ஆற்றின் இரைச்சல் வீட்டுக்குள் கேட்கிறது. அம்மா இலைக்கட்டுகளைப் பரணில் ஏற்றினாள். இப்படி ஓர் ஆற்றைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்கிறாள் ஆச்சி. போனில் மிச்சமிருந்த சார்ஜில் ஒரு செய்தி பார்த்தேன்: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்.

22 டிசம்பர் 2023, வெள்ளி

பஸ் ஓடத் தொடங்கியதும் கிளம்பிவிட்டேன். கொக்கிரகுளம், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் என்று ஆற்றோரத் தெருக்கள் எல்லாம் சேறு. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கிய திருச்செந்தூர் எக்ஸ்பிரஸின் பயணிகள் சுமார் 800 பேர். அவர்களுக்கு ஹெலிகாப்டரில் உணவு போட்டதையும், தூத்துக்குடிப் பக்கம் ராணுவம் இறங்கியதையும் பஸ் முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

எங்களுக்குக் கிடைத்த வேலை சின்னது. நிவாரணத்துக்கு வந்த அரிசி மூட்டைகளை லாரியிலிருந்து ஒரு கட்டடத்தின் முதல் மாடிக்கு ஏற்ற வேண்டும். பதினெட்டுப் பெண்கள், தோளில் சார்ஜென்ட் பட்டையோடு நான். கைமாற்றிக் கொடுக்கும் வரிசையாக நிறுத்திவிட்டுப் பரேடில் கத்துவதைப் போலவே கத்தினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசை அறுந்தது. அறுந்தது ஒரே இடத்தில், படிக்கட்டின் திருப்பத்தில். அங்கே நின்ற முதலாண்டுப் பெண்ணை எல்லோர் முன்னாலும் அதட்டினேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவள்தான் சொன்னாள்: "அக்கா, அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பள்ளிக்கூடத்தில்தான் தங்கியிருக்கிறார்கள். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள்."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நிவாரணம் வாங்க வேண்டியவள் நிவாரண மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய பெயரையும் உயரத்தையும் அறிவேன், அவள் வீடு எந்தத் தெருவில் என்று அறிய மாட்டேன். அவளிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். என் பையிலிருந்த இட்லியைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு அவளுடைய இடத்தில் போய் நின்றேன். அப்போதுதான் தெரிந்தது: அந்தத் திருப்பத்தில் கீழ்ப்படியில் சேறு, மூட்டையை வாங்குகிறவள் உடம்பைத் திருப்பும்போது காலூன்ற இடமே இல்லை. யார் நின்றிருந்தாலும் அறுந்திருக்கும். அங்கே இரண்டு பேரை நிறுத்தி, படியில் சாக்கை விரித்தோம். அதன்பிறகு நான் கத்தவே இல்லை. மூன்று மணிக்கு லாரி காலியானது.

எஸ்.எஸ்.பி.யில் மூன்றாம், நாலாம் நாள் பலகை, கயிறு, பீப்பாய் கொடுத்து, தரையில் போட்ட கோடுகளைத் தாண்டச் சொல்வார்கள். கையேட்டில் அதற்கு இருபது படங்கள் இருக்கின்றன. படத்தில் நிற்கும் யாருக்கும் பசிப்பதில்லை.

7 ஜனவரி 2024, ஞாயிறு

உளவியல் தேர்வின் கடைசிப் பகுதி தன்விவரம். பெற்றோர் உன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர்கள், நண்பர்கள், நீயே என்ன நினைக்கிறாய், இனி எப்படிப்பட்டவளாக விரும்புகிறாய். முதல் கேள்விக்கு 'என் பெற்றோர் என்னைப் பொறுப்பானவள் என்று கருதுகிறார்கள்' என்று எழுதி வைத்திருந்தேன். அம்மாவை நான் கேட்டதே இல்லை. இன்று கேட்டேன்.

அவள் கை நிற்கவில்லை. இலையை எடுத்து, தூளை வைத்து, உருட்டி, நூலைச் சுற்றி, தலையை மடக்கினாள். ஏழெட்டுப் பீடி போன பிறகு சொன்னாள்.

"கேட்டதை வாங்கித் தரவில்லை என்று நீ அழுததே இல்லை. வலித்தால் சொல்லவே மாட்டாய். தீபாவளிக்கு மறுநாள் நீ நொண்டியதைப் பார்த்தேன். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். நீ சொல்லவில்லை. உன்னோடு இருக்கிற பிள்ளைகளுக்கு வலித்தால் உனக்கு எப்படித் தெரியும்?"

ஆச்சி உள்ளேயிருந்து, "ஏட்டி, அவளும் உன்னை மாதிரிதான்" என்று குரல் கொடுத்தாள்.

அரிசி மூட்டையின் கதையை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. தன்விவரத் தாளைக் கிழித்துவிட்டு, அம்மா சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே எழுதினேன். பழைய சொல்தொடர்புத் தாளையும் எடுத்தேன். 'ஆறு' என்பதற்கு நேரே இப்போது இருப்பது: 'ஆறு வடிந்ததும் சேற்றை அள்ள ஆள் வேண்டும்.' 15 விநாடி ஆகவில்லை.

18 பிப்ரவரி 2024, ஞாயிறு

'சி' தேர்வு. அணிவகுப்பு, ஆயுதம், எழுத்துத் தாள் எல்லாம் முடிந்தன. வரைபடக் கேள்வியில் பேனா நிற்கவே இல்லை. கிரேடு வந்தால்தான் விண்ணப்பம். நடுவில் கல்லூரியின் கடைசி செமஸ்டர் காத்திருக்கிறது. அதையும் விட முடியாது.

10 மார்ச் 2024, ஞாயிறு

ஊர்ப் பள்ளி மைதானத்தில் ஒரு சுற்று 200 மீட்டர், 2.4 கிலோமீட்டருக்கு 12 சுற்று. கூட ஓட வரும் பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் காய்ச்சல். எண்ண ஆளில்லை என்று வாசலில் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

போனில் நேரத்தைத் தொடங்கிக் கொடுத்தேன். அவள் முந்தானையில் வெட்டிய இலைத் துண்டுகள் பன்னிரண்டை எடுத்து வந்திருந்தாள். நான் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டைக் கீழே போட்டாள். ஏழாவது சுற்றில் கணுக்கால் இழுத்தது. அவளைக் கடக்கும்போது, "வலிக்கிறது அம்மா" என்று கத்தினேன்.

"நிற்கிறாயா?"

"இல்லை."

"சரி, ஓடு. இன்னும் ஐந்து."

12 நிமிடம் 52 விநாடி. குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, அம்மா தரையில் கிடந்த பன்னிரண்டு இலைகளையும் பொறுக்கி, மண்ணைத் தட்டி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.