மூன்று இயங்குதளங்களுக்கு ஒரே கோப்புறை

என் மேசையில் விண்டோஸ் கணினி ஒன்றும் பழைய மேக் மடிக்கணினி ஒன்றும் இருக்கின்றன. அடுத்த அறையில், திரையும் விசைப்பலகையும் இல்லாமல், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு ஓடும் ஒரு கணினி, எல்லாக் கோப்புகளுக்கும் பொதுச் சேமிப்பகமாக இயங்குகிறது. ஈத்தர்நெட்டும் ஐபி முகவரியும் எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவானவை என்பதால், மூன்றையும் ஒரே ரூட்டரில் சேர்க்கச் சில நிமிடங்களே ஆயின. அதன்பின் நான் சந்தித்த சிக்கல்கள் அனைத்தும் பெயர்களைப் பற்றியவை: கணினியின் பெயர், பயனரின் பெயர், எல்லாவற்றையும்விடக் கோப்பின் பெயர்.

இவ்வாறு கணினிகளைச் சேர்க்க விரும்புவோர் பலர் முதலில் கேட்பது, சேமிப்பகத்தின் வட்டு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதே. யூஎஸ்பி வட்டைக் கையில் எடுத்துச் சென்று மாற்றி மாற்றிச் செருகினால்தான் அந்தக் கேள்வி எழும். பிணையத்தின் வழியே கோப்பைக் கேட்கும் விண்டோஸுக்கு, மறுமுனையில் இருப்பது விண்டோஸின் வட்டு வடிவமான என்டிஎஃப்எஸ்ஸா, லினக்ஸின் வட்டு வடிவமான ஈஎக்ஸ்டி4ஆ என்பது தெரியவே வேண்டியதில்லை. இரு கணினிகளும் எஸ்எம்பி என்னும் கோப்புப் பகிர்வு நெறிமுறையைப் பேசினால் போதும். லினக்ஸில் அந்த நெறிமுறையைப் பேசும் மென்பொருள் சாம்பா. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பிணையத்தில் செல்லும் தரவுப் பொதிகளைக் கவனித்து, எந்தக் கேள்விக்கு எந்த விடை வருகிறது என்று பகுத்தறிந்தே 1992இல் அதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். மேக்கும் 2013இல் வந்த மேவரிக்ஸ் பதிப்பில் தன் சொந்த நெறிமுறையை விட்டு எஸ்எம்பியையே முதல் தெரிவாக்கிக்கொண்டதால், இன்று மூன்றுக்கும் பொதுவான மொழி ஒன்று உண்டு.

அப்படியிருந்தும், சாம்பாவை நிறுவிய பிறகு விண்டோஸின் பிணையப் பக்கத்தில் உபுண்டு கணினி தென்படவில்லை. அமைப்புக் கோப்பில்தான் பிழை இருக்கிறது என்று கருதி இரண்டு மாலைகளைச் செலவிட்டேன். கடைசியில் முகவரிப் பட்டையில் \\192.168.1.10 என்று நேரடியாகத் தட்டியதும் கோப்புறை உடனே திறந்துகொண்டது. ஒரு கணினி பட்டியலில் தென்படுவது வேறு, அதைச் சென்றடைய முடிவது வேறு. இரண்டையும் செய்பவை வெவ்வேறு நெறிமுறைகள். முன்பு அந்தப் பட்டியலைத் திரட்டித் தந்தது எஸ்எம்பியின் முதல் பதிப்பையும், பிணையத்தில் கணினிகளைப் பெயரால் அறியும் நெட்பயாஸையும் சார்ந்த பழைய ஏற்பாடு. 2017 மே மாதத்தில் பரவிய வான்னாக்ரை என்னும் தீநிரல் அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டையின் வழியே புகுந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பியின் அந்த முதல் பதிப்பு இயல்பாக நிறுவப்படுவதில்லை. இப்போதைய விண்டோஸ் தேடுவது டபிள்யூஎஸ் டிஸ்கவரி என்னும் அறிவிப்பை. சாம்பா அதைத் தானாக அனுப்புவதில்லை. அதற்கென்று உள்ள சிறு நிரலை உபுண்டுவில் நிறுவியதும் கணினியின் பெயர் பட்டியலில் வந்தது. மேக்கோ மூன்றாவது வழியொன்றில், உபுண்டுவில் ஓடும் அவாஹி என்னும் நிரல் அனுப்பும் அறிவிப்பைக் கேட்டுக் கண்டுகொள்கிறது. பழைய வழிகாட்டிகள் சொல்கின்றன என்பதற்காக எஸ்எம்பியின் முதல் பதிப்பைத் திரும்ப இயக்கிவிடாதீர்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ரூட்டரில் சேமிப்பகத்துக்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டால், பட்டியல் வேலை செய்யாத நாளிலும் கோப்புகள் கைக்கு எட்டும்.

பயனர் பெயரில் குழப்பம் இதைவிடக் குறைவு, ஆனால் எரிச்சல் மிகுதி. உபுண்டுவில் நுழையும் அதே கடவுச்சொல்லைச் சரியாகத் தந்தும் விண்டோஸ் உள்ளே விடாததற்குக் காரணம், சாம்பா தனக்கென்று தனிக் கடவுச்சொல் பட்டியலை வைத்திருப்பதுதான். லினக்ஸ் கடவுச்சொல்லை மீட்க முடியாதபடி சிதைத்துச் சேமிக்கும் முறையும் விண்டோஸ் எதிர்பார்க்கும் முறையும் வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றை வருவிக்க முடியாது. எனவே ஒவ்வொரு பயனரையும் சாம்பாவில் ஒருமுறை தனியாகச் சேர்க்க வேண்டும். கடவுச்சொல்லே இல்லாமல் விருந்தினராக நுழையவிடுவது எளிது என்று சிலர் சொல்வர். 2024இல் வந்த விண்டோஸ் 11 ப்ரோ பதிப்பு அத்தகைய இணைப்பை இயல்பாகவே மறுக்கிறது, அது மறுப்பதே சரி என்பது என் கருத்து.

இனி, கோப்பின் பெயர். விண்டோஸில் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் கோப்புப் பெயரில் வரக்கூடாது, லினக்ஸில் வரலாம் என்பதைப் பலரும் அறிவர். ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகளை லினக்ஸ் வேறுவேறாகவும் விண்டோஸ் ஒன்றாகவும் கொள்வதால் எழும் சிக்கல் தமிழில் பெயர் வைப்பவருக்கு இல்லை. நமக்கு வருவன வேறு இரண்டு, அவை எந்த ஆங்கில வழிகாட்டியிலும் என் கண்ணில் பட்டதில்லை.

முதலாவது, நீளம். ஈஎக்ஸ்டி4இல் ஒரு பெயர் 255 பைட்டுகளுக்குள் அடங்க வேண்டும். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றிச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட்டுகள் கொள்ளும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறியீடுகள். கண்ணுக்கு மூன்றே எழுத்தாகத் தெரியும் 'கோப்பு', உள்ளே ஆறு குறியீடுகளாக, 18 பைட்டுகளாக இருக்கிறது. ஆகவே 85 குறியீடுகளுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெயர் லினக்ஸில் நிற்காது; விண்டோஸிலோ 255 குறியீடுகள் வரை செல்லலாம். கட்டுரைத் தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக வைக்கும் என் வழக்கத்தால், நகலெடுக்கும்போது சில கோப்புகள் மட்டும் மறுக்கப்பட்டதன் காரணம் இதுவே.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. விண்டோஸிலிருந்து 'தொகுப்பு' என்ற கோப்புறையைச் சேமிப்பகத்தில் ஏற்கெனவே வைத்திருந்தேன். பிறகு மேக்கில் இருந்த அதே பெயருடைய கோப்புறையை, கணினிகளுக்கிடையே கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் என்னும் நிரல் கொண்டு அனுப்பியபோது, இரண்டும் ஒன்று சேராமல், அருகருகே இரண்டு 'தொகுப்பு' தோன்றின. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டும் வேறுபாடு தெரியவில்லை; பைட்டுகளை எண்ணியபோது ஒன்று 24, மற்றொன்று 27. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டு பெயர்களைப் பிரித்தே சேமிக்கும்; நம் விசைப்பலகைகள் பெரும்பாலும் சேர்த்தே எழுதும்; லினக்ஸோ பெயரைப் படிக்காமல், பைட்டுகளை மட்டும் ஒப்பிட்டு இரண்டையும் வேறு என்று கொள்ளும். யூனிகோடின் விதிப்படி இரண்டும் ஒரே சொல் என்றாலும், தேடும்போது ஒன்றில் இருக்கும் கோப்பு மற்றொன்றில் கிடைக்காது.

ஆர்சிங்க்கின் 3.0 பதிப்பு முதல், அனுப்பும்போதே குறியீட்டை மாற்றும் விருப்பம் உண்டு. அதை முதலிலேயே தந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. ஏற்கெனவே வந்துவிட்டவற்றுக்கு, பெயர்களைச் சேர்த்தெழுதும் வடிவுக்கு மாற்றும் கான்வ்எம்வி என்ற நிரலை உபுண்டுவில் ஓட்டினேன். கேட்டுக்கொள்ளாதவரை அது எதையும் மாற்றாமல், மாற்றப்போவதை மட்டும் காட்டும் என்பதால், அந்தப் பட்டியலை ஒருமுறை முழுதாகப் படித்த பிறகே மாற்றச் சொன்னேன். ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் மோதிய இடங்களில் உள்ளிருந்த கோப்புகளைத் தேதி பார்த்துக் கையால் ஒப்பிட்டு இணைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றது. இப்போது மூன்றில் எந்தக் கணினியிலிருந்து தேடினாலும் 'தொகுப்பு' ஒன்றே வருகிறது.