கிராண்ட் குடுத்தா மட்டும் போதுமா, பொருள யாரு வாங்குவா?

லேசிக் பண்ணிட்டு கண்ணாடிய தூக்கிப் போட்டவங்க உங்களுக்குத் தெரிஞ்சே நாலு பேராச்சும் இருப்பாங்க. அந்த ஆபரேஷன்ல ஒரு சிக்கல் இருக்கு, நாம என்னதான் அந்த லைட்டையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாலும் கண்ணு ஒரு இடத்துல நிக்காது, நமக்கே தெரியாம துள்ளிக்கிட்டேதான் இருக்கும், அதனால லேசரும் கண்ணு போற பக்கமெல்லாம் கூடவே போகணும். இதுக்கு செகண்டுக்கு 4,000 தடவ கண்ணு எங்க இருக்குன்னு பாக்குற ஒரு ட்ராக்கர புளோரிடாவுல ஆட்டோனமஸ் டெக்னாலஜிஸ்னு ஒரு சின்ன கம்பெனி கொண்டு வந்துச்சு. 1998-ல எஃப்டிஏ, அதாவது அமெரிக்காவுல மருந்துக்கும் மெடிக்கல் டிவைஸுக்கும் அனுமதி குடுக்குற அமைப்பு, ஓகே சொல்லிடுச்சு. ஆனா அவங்க ஆரம்பிச்சது கண்ணுல இல்லங்க, அமெரிக்க ஏவுகணைத் தடுப்புத் துறையும் நாசாவும் குடுத்த கிராண்ட்ல விண்வெளியில இருக்குற பொருள லேசர் ரேடார் வெச்சு துரத்துற வேலைல.

அந்தப் பணம் வந்த வழிதான் எஸ்பிஐஆர். அமெரிக்க அரசு சின்ன கம்பெனிகளுக்குக் குடுக்குற ஆராய்ச்சிப் பணம். 1977-ல நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன்ல ரோலண்ட் டிபெட்ஸ்னு ஒரு அதிகாரி சின்னதா ஆரம்பிச்சாரு, 1982-ல ரீகன் கையெழுத்துப் போட்டு சட்டமாயிடுச்சு. பெரிய யுனிவர்சிட்டிங்க அப்பவே எங்க ஆராய்ச்சிப் பணத்துல கைவைக்கிறீங்கன்னு சண்டைக்கு வந்தாங்க. வெளியாளுங்களுக்கு வருஷத்துக்கு 10 கோடி டாலருக்கு மேல ஆராய்ச்சிப் பணம் குடுக்குற எந்த துறையா இருந்தாலும் அதுல ஒரு பங்க சின்ன கம்பெனிக்கு ஒதுக்கியே ஆகணும், முதல்ல 0.2 சதவீதம்தான், 2017-ல 3.2 ஆச்சு. 500 பேருக்கு மேல வேலை பாக்குற கம்பெனி உள்ளயே வர முடியாது. குவால்காம் குட்டிக் கம்பெனியா இருந்தப்ப இதுல பணம் வாங்கியிருக்கு, சோனிகேர் டூத்பிரஷ் கூட என்ஐஹெச்ங்கிற அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு குடுத்த காசுல வளந்ததுதான்.

நம்ம ஊர்லயும் இது இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. மத்திய பயோடெக்னாலஜி துறை 2005-லயே எஸ்பிஐஆர்ஐன்னு கிட்டத்தட்ட அதே பேர்ல ஒரு ஸ்கீம் கொண்டு வந்தாங்க, அப்புறம் 2012-ல பைராக்னு தனியா ஒரு அமைப்பே வந்துச்சு. அவங்களோட 'பிக்' (BIG)ங்கிற கிராண்ட்தான் இப்ப மெடிக்கல் டிவைஸ் பசங்க எல்லாம் முதல்ல போய் நிக்குற இடம், 50 லட்சம் வரைக்கும், 18 மாசம், பதிலுக்கு கம்பெனில பங்கு (ஈக்விட்டி) எதுவும் கேக்க மாட்டாங்க. அதுக்கும் முன்னாடி வெறும் ப்ரோட்டோடைப் பண்ண 10 லட்சம் வரைக்கும் குடுக்குற 'நிதி பிரயாஸ்'னு ஒரு ஸ்கீம் இருக்கு. தமிழ்நாட்டுல ஸ்டார்ட்அப்புக்கு மாநில அரசு பணம் குடுக்குற டான்சீட் இருக்கு.

நான் மெடிக்கல் டிவைஸ் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் டாக்குமெண்ட் தயார் பண்ற ஆளு, அதனால இந்தப் பணம் வந்து சேந்ததுக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு கொஞ்சம் கிட்டத்துலேர்ந்து பாக்குறேன். எனக்குத் தெரிஞ்ச ஒரு டீம் இருக்காங்க, ட்ரிப்ஸ் தீரப் போறப்ப நர்ஸுக்கு அலாரம் குடுக்குற ஒரு சின்ன கிளிப் பண்றாங்க. ஜிஹெச் ஜெனரல் வார்டுல போய் நின்னா தெரியும், பேஷண்ட் கூட இருக்குற அம்மாவோ தம்பியோ ராத்திரி பூரா அந்த பாட்டிலயே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க, தீந்துச்சுன்னா "சிஸ்டர், ட்ரிப்ஸ் முடிஞ்சிடுச்சு"ன்னு ஓடணும், கூட ஆள் இல்லாதவங்க பாடு அதோகதிதான். ஐடியா ரொம்ப சிம்பிள், சொட்டு விழற அந்த சின்ன சேம்பருக்கு இந்தப் பக்கம் ஒரு இன்ஃப்ராரெட் எல்இடி, அந்தப் பக்கம் ஒரு சென்சார், சொட்டு நடுவுல போறப்ப வெளிச்சம் கட் ஆகும், எண்ணிக்கலாம். காலேஜ் ப்ராஜெக்ட்ல எவ்ளோ பேர் இத பண்ணியிருப்பாங்க!

டேபிள் மேல வேலை செஞ்சது வார்டுல செய்யலங்க. ஜன்னல் வழியா வர்ற வெயில்லயும் இன்ஃப்ராரெட் இருக்கு, மத்தியானம் ஆனா சென்சாருக்குக் கண்ணு கூசிடுது. பேஷண்ட் புரண்டு படுத்தா டியூப் ஆடுது, சேம்பர் சுவத்துல தெறிச்சு ஒட்டுன நீரையும் சொட்டுன்னு எண்ணிடுது. ட்ரிப்ஸ் டியூப் செட்லயே ரெண்டு வகை, பெரிய சொட்டு விழற மேக்ரோ செட்ல 20 சொட்டு ஒரு மில்லி, சின்ன சொட்டு விழற மைக்ரோ செட்ல 60 சொட்டு, எந்த செட் மாட்டியிருக்குன்னு நர்ஸ் ஒவ்வொரு தடவையும் பட்டன் அமுக்கணும்னா யாரும் அமுக்க மாட்டாங்க, அவங்களுக்கு இருக்குற வேலைல. இத ஒவ்வொண்ணா சரி பண்றதுக்கு காசு வேணும், அந்தக் காச பேங்க் குடுக்காது ஏன்னா வேலை செய்யுமா செய்யாதான்னே தெரியாத பொருளுக்கு எவன் லோன் குடுப்பான், இன்வெஸ்டர் போன உடனே எத்தன ஹாஸ்பிடல் வாங்கியிருக்குன்னுதான் கேப்பாங்க. ஊத்திக்கவும் வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சே பணம் போடறது இங்க கவர்மெண்ட் மட்டும்தான், இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் இந்த ஸ்கீம்கள திட்ட மாட்டேன்.

பேப்பர் வேலை இருக்கு, அது தனிக் கத. தனி பேங்க் அக்கவுண்ட், ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட யூட்டிலைசேஷன் சர்டிஃபிகேட், மைல்ஸ்டோன் முடிச்சாதான் அடுத்த தவணை. அந்தத் தவணை வர்றதுக்குள்ள சம்பளம் குடுக்கணுமே, அதுக்கு ஃபவுண்டர் வீட்டு நகை வரைக்கும் போன கதையெல்லாம் கேள்விப்பட்டிருக்கேன். ஆனாலும் மக்கள் வரிப்பணம், கணக்குக் கேக்கத்தான் செய்வாங்க.

எனக்கு இருக்குற ஆதங்கம் இதுக்கு அப்புறம் வர்ற கட்டத்துலதான். கிராண்ட் முடிஞ்சு, ப்ரோட்டோடைப் ரெடியாகி, மெடிக்கல் டிவைஸ் ரூல்ஸ் 2017 படி லைசென்ஸ், எலெக்ட்ரிக்கல் சேஃப்டி டெஸ்ட், ஐஎஸ்ஓ 13485ங்கிற தரச் சான்றிதழ் எல்லாம் தாண்டி வந்து நிக்குறப்ப, காசு குடுத்து பண்ணச் சொன்ன அதே அரசாங்கத்தோட ஆஸ்பத்திரி டெண்டர்ல, மூணு வருஷம் இந்தப் பொருள வித்திருக்கணும், இத்தன கோடி டர்ன்ஓவர் இருக்கணும்னு போட்டிருக்கும். நேத்து பொறந்த பொருளுக்கு மூணு வருஷ விற்பனைக் கணக்க எங்கேர்ந்து கொண்டு வர்றது? ஒரு கை குடுக்குது, இன்னொரு கை கதவ சாத்துது. ரெண்டும் வேற வேற துறை, ஒருத்தரோட ஒருத்தர் பேசுறதே இல்ல.

அமெரிக்காவுல இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க. ஃபேஸ் ஒண்ணுல ஐடியா நடக்குமான்னு பாக்குறது, ஃபேஸ் ரெண்டுல உருப்படியா செஞ்சு காட்டுறது, ஃபேஸ் மூணுல எஸ்பிஐஆர் பணம் கிடையாது ஆனா முன்னாடி பண்ண வேலையோட தொடர்ச்சியா இருந்தா அரசுத் துறை மறுபடி டெண்டர் விடாம அந்தக் கம்பெனிகிட்டயே நேரா வாங்கிக்கலாம். ராணுவத்துக்கு இது நல்லாவே ஒத்துவருது. மெடிக்கலுக்கு அந்த அளவுக்கு இல்ல, என்ஐஹெச் பணம் குடுக்கும், ஆனா ஆஸ்பத்திரிக்கு மெஷின் வாங்கிக் குடுக்குறது அவங்க வேலை இல்ல, இன்சூரன்ஸ்காரன் காசு தருவானான்னு பாத்துதான் அங்க டாக்டருங்க வாங்குவாங்க. அதனால அங்க எல்லாம் தேனும் பாலும் ஓடுதுன்னு சொல்ல வரல. ஆனா நம்ம நெலம வேற, இங்க ஜிஹெச், மெடிக்கல் காலேஜ், பிஹெச்சின்னு அரசாங்கமே பெரிய வாடிக்கையாளர், அமெரிக்காக்காரனவிட நமக்குத்தான் அந்த மூணாவது கட்டம் ஈஸியா வந்திருக்கணும்.

சும்மா சொல்லக் கூடாது, ரூல் இல்லாம இல்ல. மத்திய அரசோட ஜெனரல் ஃபைனான்ஷியல் ரூல்ஸ் 2017-ல பதிவு பண்ண ஸ்டார்ட்அப்புக்கு முன்வைப்புத் தொகை வேணாம்னு இருக்கு, தரமும் ஸ்பெக்கும் சரியா இருந்தா முன் அனுபவம், டர்ன்ஓவர் ரெண்டையும் தளர்த்தலாம்னும் இருக்கு. தளர்த்த"லாம்", அவ்ளோதான். டெண்டர் போடற அதிகாரி இடத்துலேர்ந்து யோசிச்சா அவரையும் குத்தம் சொல்ல முடியல, பழைய கம்பெனிகிட்ட வாங்கி அது ரிப்பேர் ஆனா கம்பெனி பதில் சொல்லும், புதுசா வாங்கி ரிப்பேர் ஆனா ஆடிட்ல இவர் பதில் சொல்லணும், எதுக்கு வம்புன்னு பழைய கண்டிஷனையே காப்பி அடிச்சுப் போட்டுடறாரு. அதனால தளர்த்தலாம்ங்கிறத தளர்த்தணும்னு மாத்துங்க, இல்லன்னா கிராண்ட்ல வளந்த பொருள்ல கொஞ்சம் எண்ணிக்கைய ட்ரையலுக்கு வாங்க ஆஸ்பத்திரிக்குத் தனியா பட்ஜெட் குடுங்க, 50 லட்சம் போட்டவங்க மேற்கொண்டு ஒரு 10 லட்சம் போட்டு ரெண்டு வார்டுல மாட்டிப் பாத்தா என்ன குறைஞ்சுடும்?

அந்த ட்ரிப்ஸ் டீம் இப்போதைக்கு சின்ன நர்சிங் ஹோமா பாத்து வித்துக்கிட்டு இருக்காங்க. இவங்கள மாதிரி இருக்கறவங்க இத படிச்சீங்கன்னா, டெண்டர் டாக்குமெண்ட்ல ஸ்டார்ட்அப் தளர்வு பத்தி ஒரு வரியும் இல்லேன்னா அப்படியே விட்டுடாதீங்க, டெண்டர் போடறதுக்கு முன்னாடி சந்தேகம் கேக்குறதுக்குன்னு வெக்கிற ப்ரீ-பிட் மீட்டிங்குக்கு முன்னாடியே அந்த ரூல் நம்பர போட்டு மெயில்ல கேளுங்க, வாயால கேட்டா பாக்கலாம்பாங்க, எழுத்துல கேட்டா அவ்ளோ லேசா தட்டிக்கழிக்க முடியாது.