டேப்லெட் வந்த பிறகு

வகுப்பில் எல்லோர் கையிலும் டேப்லெட் வந்ததும் முதலில் காணாமல் போனது, பாடம் புரியாத பிள்ளையின் திருதிரு முழிதான். ஆசிரியருக்கு அதைவிட நேர்மையான பதில் கிடையாது. இப்போது குனிந்த தலைகளே தெரிகின்றன.

விடை சரியென்றால் என் திரையில் பச்சை, தவறென்றால் சிவப்பு. நோட்டில் அப்படியில்லை. 7 என்று எழுதி, அழித்து, மறுபடி 7 என்றே எழுதியிருப்பான். அந்த ரப்பர் தடத்தைப் பார்த்து, "இங்கே ஏன் தயங்கினாய்?" என்று கேட்கலாம். சிவப்புக் கட்டத்திடம் என்ன கேட்பது?

குறையாகவே சொல்லவும் மனமில்லை. வகுப்பில் வாயே திறக்காத மாணவி ஒருத்தி தட்டச்சு செய்து அனுப்பும் கேள்விகள் அத்தனை கூர்மை. திருத்தும் வேலை குறைந்ததால் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பேசவும் நேரம் கிடைக்கிறது. (அப்போதும் திரையை விட்டு நகராத ஆசிரியர்கள் உண்டு, அது தனிக்கதை.)

தொழில்நுட்பம் ஆசிரியருடனான நேரடி உறவுக்குத் துணையாகலாம், மாற்றாகக் கூடாது என்றுதான் யுனெஸ்கோவின் 2023 கல்வி அறிக்கையும் சொன்னது. நான் விளக்கும்போது டேப்லெட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது எங்கள் வகுப்பு விதி. பாதிப் பேர் மதிக்கிறார்கள். மீதிப் பேர் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறார்கள்.