மலையேறி அழகரிடம்

அழகர்கோவிலுக்கு வருகிறவர்களில் பலர் கள்ளழகரைச் சேவித்துவிட்டு, வேனில் மலைக்குப் போய்த் திரும்பிவிடுகிறார்கள். நானும் சித்தியும் இந்தத் தடவை வரிசையை மாற்றினோம். விடிகாலை பஸ்ஸில் மதுரையிலிருந்து கிளம்பினோம், 21 கிலோமீட்டர்தான். இறங்கியதும் நேரே மலைப்பாதை.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாதையின் இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்து கிடக்க, வெயில் இன்னும் உள்ளே வரவில்லை. எங்கோ மயில் அகவியது. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று சருகைக் கிளறிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. "பூ, பழம் எதையும் கையில பிடிக்காத, முந்தானைக்குள்ள வச்சுக்கோ" என்றார் சித்தி. குரங்குகள் அப்படி. அவற்றைக் கெடுத்ததும் நாம்தான்; பாதையோரம் பிஸ்கட் உறைகள் கிடந்ததைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

இந்த மலையைப் பரிபாடல் இருங்குன்றம் என்று பாடுகிறது. நம்மாழ்வார் ஒரு படி மேலே போய், மாலிருஞ்சோலைக்கு, அதாவது இந்த அழகர்கோவிலுக்கு, பக்கத்து மலையை அடைவதே செய்யவேண்டிய காரியம் என்கிறார். அப்படியானால் நடக்கத் தொடங்கியபோதே தரிசனமும் தொடங்கிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். சித்திக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. "பெருமாளைப் பாக்காம என்ன தரிசனம்?"

பாதி வழியில் பழமுதிர்சோலை. ஔவையாரிடம் "சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா" என்று முருகன் கேட்ட கதையைச் சொல்லி, அங்கே ஒரு நாவல் மரத்தைக் காட்டுகிறார்கள். வள்ளி தெய்வானையோடு நிற்கிறவரைக் கும்பிட்டுவிட்டு மேலே ஏறினோம்.

உச்சியில் ராக்காயி அம்மன் காவல். அங்கே விழுகிற நீர்தான் நூபுர கங்கை. உலகளந்த பெருமாளின் காற்சிலம்பில் பிரம்மா வார்த்த நீர் பட்டுத் தெறித்தது என்பது ஐதீகம். சிலம்பாறு என்ற பெயரும் அதனால்தான். கீழே அழகருக்குத் திருமஞ்சனம் இந்தத் தீர்த்தத்தில்தான். வேறு நீர் பட்டால் உற்சவர் திருமேனி கறுத்துவிடும் என்பார்கள். தலையில் விழுந்ததும் மூச்சே ஒரு கணம் நின்றுவிட்டது, அவ்வளவு குளிர்ச்சி. சித்தி அசையாமல் நின்று "கோவிந்தா" போட்டார்.

அப்புறம் இறக்கம். கோவிலின் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதியில் சிலை கிடையாது. சந்தனம் அப்பிய கதவுகளைத்தான் கும்பிட வேண்டும். அங்கே சித்தி என்ன வேண்டிக்கொண்டார் என்று கேட்கவில்லை. உள்ளே போய் அழகரைச் சேவித்தோம். வெளியே வந்து ஆளுக்கொரு அழகர்கோவில் தோசை. உளுந்தும் மிளகும் சேர்ந்த கனமான தோசை, ஒன்றிலேயே வயிறு நிறைந்தது. சித்தி மட்டும் வீட்டுக்கென்று இன்னும் இரண்டு வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.