நம்ம கேஜ் இறங்குது, அவங்க கேஜ் இறங்கலை

பேட்டையில் நான் வேலை பார்க்கும் லேத் பட்டறையிலிருந்து வார்ப்பிரும்பு பிராக்கெட் ஒரு லாட் போனது. எல்லாத் துளைக்குள்ளும் மரை: எம்10 (10 மி.மீ. மரை), பிட்ச் 1.5 (மரைக்கு மரை 1.5 மி.மீ. இடைவெளி), 6எச் (அளவு எவ்வளவு கூடலாம் என்ற தரம்). மரை அளவு சரியா என்று துளைக்குள் திருகிப் பார்க்கும் பிளக் கேஜில் இரண்டு வகை: கோ இறங்கணும், நோ-கோ இறங்கக் கூடாது. வாங்கியவர்கள் தங்கள் கோ கேஜ் இறங்கவில்லை என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கே நம்ம கேஜை விட்டால் எல்லாவற்றிலும் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது!

அண்ணாச்சி டேப்பை, அதாவது துளைக்குள் மரை வெட்டும் கருவியைச் சந்தேகப்பட்டார், எனக்குக் கேஜ் மேல்தான் கண். பிளக் கேஜ் தேய்ந்தால் மெலியும், மெலிந்த கோ சிறுத்த துளையிலும் இறங்கி நல்ல பீஸ் என்று காட்டிவிடும். நோ-கோ தேய்ந்தால் நேர் எதிர். நல்ல துளையிலும் நுழைந்து நல்ல பீஸைக் கழிக்க வைக்கும். அதில் நஷ்டம் நம்மோடு போகும், கோ தேய்ந்தால் பெயரே கெடும்.

0.866 மி.மீ. கம்பி மூன்றை நம்ம கோ கேஜின் மரையில் வைத்து மைக்ரோமீட்டரில் அளந்து கணக்குப் போட்டோம். துளை மரையின் பிட்ச் விட்டம் (மரையின் மேடும் பள்ளமும் சம அகலமாக இருக்கும் இடத்து விட்டம்) 9.026 மி.மீ.-க்குக் கீழே வரக்கூடாது. கோ முழுக்கவே அதற்குக் கீழே இருந்தது, முனையில் இன்னும் மோசம். வார்ப்பிரும்புத் தூள் அரம் மாதிரி அராவும், அதுதான் காரணம். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகமும் அதையே சொன்னது. டேப்பும் தேய்ந்துதான் இருந்தது, அண்ணாச்சி சொன்னதும் சரி. புது டேப்பை மறுபடி ஓட்டி, புது கேஜால் பார்த்து அனுப்பினோம், லாட் பாஸ்.

இப்போது துளையைக் காற்றடித்து, பிரஷ் போட்டுத் துடைக்காமல் கேஜை யாரும் தொடுவதில்லை. விரல் பலத்துக்கு இறங்கணும், ஸ்பேனர் போட்டுத் திருகினால் கேஜே டேப் வேலை பார்த்துவிடும். டேப் போட்ட சூட்டோடும் பார்க்கக் கூடாது, அதுவும் நம்ம ஊர் சித்திரை வெயிலில். கேஜ் அளவு 20 டிகிரிக்குச் சொன்னது, பீஸும் கேஜும் ஒரே மேசையில் கிடந்து ஆறட்டும்.

நோ-கோ ஒரு சுற்று நுழைந்ததுமே பையன்கள் பீஸைத் தூக்கிப் போடுவார்கள். ஐஎஸ்ஓ முறையில் இரண்டு சுற்றுக்கு மேல் போனால்தான் ரிஜெக்ட், அமெரிக்க முறையில் மூன்று. எந்த முறை என்பதை ஆர்டர் எடுக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். அப்புறம், மரையின் உள்விட்டம் பெருத்துப் போனதை இந்தக் கேஜ் காட்டாது, 8.376-லிருந்து 8.676-க்குள் இருக்கிறதா என்று மரையில்லாத பிளக் கேஜால் தனியாகப் பார்க்கணும்.